பேய்க்குரல்காரியின் மகள்

பேயக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. டப்பிங் தியேட்டரில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பேயக்கா வந்தாச்சா?" "பேயக்காவுக்கு வெந்நீர் கொண்டு போ." புதிதாக வந்த யாராவது இதைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினால், அங்கே குட்டையாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் குடையும் பிளாஸ்க்குமாக ஒரு அம்மா நின்றுகொண்டிருப்பாள். இந்த அம்மாவா பேய் என்று அவனுக்கு ஏமாற்றமாக இருக்கும். அறைக் கதவை மூடி, சிவப்பு விளக்கு எரிந்து, மைக் முன்னால் அவள் வாயைத் திறந்தால் அந்த ஏமாற்றம் போய்விடும். சிலருக்கு அவசரமாகக் கழிவறையும் தேவைப்படும்.

பேய்ப் படத்தில் கதாநாயகிக்குப் பேய் பிடிக்கும் அல்லவா, அப்போது அவள் போடுகிற கூச்சல், அழுகை, சிரிப்பு, பல்லை நறநறக்கும் சத்தம் எல்லாம் பேயக்காவுடையது. கதாநாயகி வாயை மட்டும் திறந்து மூடுவாள். தொண்டை இவளுடையது.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அவளுடைய வீட்டுக்காரர் அந்தத் தியேட்டரில் எலெக்ட்ரீஷியன். ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவள், அவர் மூடாமல் விட்டுவிட்டுப் போன ஒயரில் கை வைத்துவிட்டாள். அவள் கத்திய கத்தலில் கட்டடமே ஒரு முறை குலுங்கி நின்றது. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்ததால் அது பதிவாகிவிட்டது. அப்போது இருந்த டைரக்டர் ஓடி வந்து, "உயிர் இருக்கா?" என்று கேட்கவில்லை. "இதே மாதிரி இன்னொரு தடவை வருமா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் ஓடி வந்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் ஒரு அறை விட்டார். அந்த அறைக்கு அவள் கத்தவில்லை. அது பழகிப்போனது.

அவர் வீட்டில் தட்டை எறிவார், கதவை உதைப்பார், கண் சிவந்து, குரல் மாறி, தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் ஆடுவார். மறுநாள் ஒன்றும் ஞாபகம் இல்லை என்பார். படத்தில் இதே அடையாளங்களைக் காட்டினால் குழந்தைகூடச் சொல்லிவிடும், பேய் பிடித்திருக்கிறது என்று. ஆனால் அவருக்கு யாரும் மந்திரிக்கவில்லை. "அவருக்கு முன்கோபம், நல்ல மனுஷன்" என்றார்கள். அப்படியே நல்ல மனுஷனாகவே செத்தும் போனார். அவள் மகளை வைத்துக்கொண்டு, கத்திக் கத்தி வளர்த்தாள். மகளைப் பார்த்து அல்ல, மைக்கைப் பார்த்து.

கத்துவதோடு சரி. பேசுவதற்கு அவளை விடமாட்டார்கள். பேய் நன்றாக உள்ளே இறங்கி, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் யார் தெரியுமா?" என்று ஆரம்பிக்கும் இடம் வந்ததும் அவளை வெளியே அனுப்பிவிட்டு இடியண்ணனைக் கூப்பிடுவார்கள். இடியண்ணன் என்றால் கரகரத்த குரல்காரர். பெண் உடம்பு, ஆண் குரல். ஒரு முறை அவள் கேட்டே விட்டாள்.

"சார், அந்த வசனத்தையும் நானே பேசுறேனே. எனக்கு ஆம்பளைக் குரலும் வரும். வேணும்னா சொந்தக் குரல்லயே பேசுறேன்."

டைரக்டர் சிரித்தார். "அக்கா, பொம்பளைக் குரல்ல மிரட்டினா வீட்டுல திட்டு வாங்குற மாதிரி இருக்கும். ஆம்பளைக் குரல்னாதான் பயமே வரும்."

அன்று பஸ்ஸில் போகிற வழி முழுக்க அவளுக்குக் காது சுட்டது. இத்தனை படத்தில் கத்தியிருக்கிறாள். ஒன்றிலாவது சொந்தத் தப்புக்காக ஒருத்திக்குப் பேய் பிடித்திருக்கிறதா? யாரோ ஒருவன் ஒருத்தியைக் கெடுப்பான், கொல்லுவான், கிணற்றில் தள்ளுவான். செத்தவள் வந்து இன்னொருத்தி உடம்பில் ஏறுவாள். கட்டிப் போடுவது இவளை, அடிப்பது இவளை, புகை போடுவது இவளுக்கு. ஓட்டுவதற்கு வருகிறவன் எப்போதும் ஆம்பளை. ஆம்பளைக்குப் பேய் பிடித்தால் மட்டும் அது சிரிப்புப் படமாகிவிடும். அவன் வளையல் கேட்பான், இடுப்பை ஆட்டுவான், தியேட்டரே விழுந்து புரளும். கடைசியில் பேய் போய்விட்டது என்பதற்கு என்ன அடையாளம்? பெண்ணுக்குத் தலை சீவியிருக்கும். தட்டில் டீ கொண்டுவருவாள். பேசமாட்டாள். "எவ்வளவு அமைதியாயிட்டா பாரு" என்று ஒருத்தர் சொல்லுவார். சுபம்.

இன்னொன்றும் அவள் கவனித்து வைத்திருந்தாள். இதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல். படம் ஆரம்பித்ததிலிருந்து ஒருத்தன்கூட அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டான். பேய் பிடித்த பிறகுதான் ஒரு ஆம்பளை எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, "நீ யாரு? உனக்கு என்ன வேணும்?" என்று கேட்பான். அதுவும் பதிலைக் கேட்டுக்கொள்வதற்காக அல்ல, துரத்துவதற்காக.

சரி, மகள் விஷயத்துக்கு வருவோம்.

மகள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஓட்டுகிறாள். பெண் பார்க்க வந்தபோது சம்பந்தி, "எங்க வீட்டு மருமக டிரைவரா? பெருமையா இருக்கே" என்றார். அந்தப் பெருமை சீக்கிரமே கசந்தது. போனில் மகள் குரல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. "சாப்டியாம்மா? நான் நல்லாருக்கேன். வைக்கிறேன்." பேயக்காவும் அம்மாக்கள் சொல்கிறதைத்தான் சொன்னாள். கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. வாயைத் திறந்து கத்துவதே பிழைப்பாக வைத்திருக்கிறவள், மகளிடம் வாயை மூடிக்கொள்ளச் சொன்னாள்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய கத்தல் இருக்கிற நாளுக்கு முந்தின நாள் முழுக்க வாய் பேசக் கூடாது. தொண்டைக்கு ஓய்வு. கடையில் கையால் காட்டி வாங்குவாள். போன் வந்தால் எடுக்கமாட்டாள், எழுதி அனுப்புவாள். தெரிந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அப்படி ஓர் ஓய்வு நாளில் மகள் கூப்பிட்டாள். கட் பண்ணினாள். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கட் பண்ணிவிட்டு, "தொண்டை ரெஸ்ட். நாளைக்குப் பேசுறேன்" என்று அனுப்பி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சியும் போட்டாள். அதற்கப்புறம் போன் வரவில்லை. பிள்ளை புரிந்துகொண்டாள் என்று நினைத்து இவள் தேன் கலந்த வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தியேட்டரில் டைரக்டர் குஷியாக இருந்தார். இவர் புதியவர், இளையவர், முகத்தில் எப்போதும் தூக்கம் வராதவன் களை.

"அக்கா, இன்னைக்கு உங்களுக்கு ஒரு ரெஃபரன்ஸ் வெச்சிருக்கேன். ஜிம் குரூப்ல வந்துச்சு. நிஜப் பேய்! எங்கயோ ஒரு வீட்டுல ஒரு பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு, வெளிய இருந்து எவனோ ரெக்கார்ட் பண்ணிருக்கான். ஊரே கேட்டுட்டு இருக்கு. எனக்கு இதே மாதிரி வேணும். அச்சு அசல் இதே மாதிரி."

சவுண்ட் இன்ஜினியர் அதை ஹெட்போனில் போட்டான். அவனுக்குத் தியேட்டரில் காது என்று பெயர். எறும்பு தும்மினாலும் கேட்கும் என்பார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல். வார்த்தை தெளிவாக இல்லை. கதவைக் கையால் அறைகிறாள். தொண்டை கிழிந்து, கரகரத்து, மேலே போய் உடைகிறது.

"என்னக்கா, எப்படி?" என்றார் டைரக்டர்.

"நல்லாத்தான் கத்துறா," என்றாள் பேயக்கா, தொழில்காரி தொழில்காரியை மெச்சுவது மாதிரி. "தொண்டையிலேருந்து கத்துறா, வயித்துலேருந்து கத்தணும். இப்படிக் கத்தினா நாளைக்குக் குரலே இருக்காது பாவம்."

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு முறை கத்தினாள். இன்னொரு முறை. டைரக்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டை விரலைத் தூக்கினார். பிறகு மைக்கில் வந்தார்.

"எல்லாம் ஓகேக்கா. ஒண்ணு மட்டும் வரல. கத்தறதுக்கு முன்னால அவ ஒரு மூச்சு இழுக்குறா பாருங்க, அது. உடைஞ்சு உடைஞ்சு இழுத்துட்டு அப்படியே நின்னுடுது. அந்த இடத்துலதான் எனக்கு முடி சிலிர்த்துச்சு."

காது அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டான். பேயக்கா கண்ணை மூடிக் கேட்டாள். வாயைச் சின்னதாகத் திறந்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. நெஞ்சைத் தளர்த்திக்கொண்டு, அழப் போகிற பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கி, மூச்சை இரண்டாக உடைத்து இழுத்து, நிறுத்தினாள்.

வந்துவிட்டது. அதே மூச்சு.

வந்த உடனே அவள் உதடு தானாகக் குவிந்தது. மைக்கில் "ஃபூ" என்று ஊதினாள்.

"அக்கா, ஏன் ஊதுறீங்க?" என்றார் டைரக்டர்.

அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அழுகைக்கு முன்னால் இப்படித்தான் மூச்சை இழுத்து, விடாமல் நிறுத்திவிடுவாள். முகம் நீலமாகிவிடும். டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தார், முகத்தில் ஊதுங்கம்மா, மூச்சு விட்டுடும் என்று. எத்தனை வருஷம் ஊதியிருப்பாள்! மூளைக்குத் தெரியாதது உதட்டுக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி," என்றாள் காதிடம். குரல் மிக மெதுவாக வந்தது. "அதை முழுசாப் போடு. சத்தத்தைக் கூட்டு."

இப்போது வார்த்தையும் கேட்டது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. "கதவைத் திறங்க. எனக்குக் காலைல ட்ரிப் இருக்கு. பிள்ளைங்க நிப்பாங்க. திறங்க."

"இது எங்க எடுத்தது?"

காது கண்ணை மூடிக்கொண்டான். "எதிரொலியைப் பாத்தா சின்ன ரூம். டைல்ஸ். பாத்ரூம்கா." பிறகு கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன்கா?"

"என் பொண்ணு."

டைரக்டர் உள்ளே ஓடி வந்தார். அவரும் மோசமான ஆள் இல்லை, நிஜமாகவே பதறினார். ஆனால் பதற்றத்திலும் வேலை ஞாபகம். "ஐயையோ, போங்கக்கா, உடனே போங்க. அந்த டேக் மட்டும் அருமையா வந்துருக்கு, அது இருக்கட்டும்..."

காது ஒரு பட்டனை அமுக்கினான். இன்னொரு பட்டனை அமுக்கினான். "இல்ல சார். அழிச்சுட்டேன்."

"யாரைக் கேட்டுடா அழிச்ச?" டைரக்டர் ஹெட்போனைப் பிடுங்கித் தரையில் அடித்தார். குரல் மாறி, கண் சிவந்து, நாற்காலியை உதைத்தார். அவருக்கும் யாரும் மந்திரிக்கப் போவதில்லை. காது சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்கக்கா, வண்டி கீழ நிக்குது" என்றான்.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மருமகனுக்குப் போன் போட்டாள்.

"அத்தை, நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்க பதறாதீங்க. அவளுக்குக் கொஞ்சம் சரியில்ல."

"என்ன சரியில்ல?"

அவன் சொன்னதிலிருந்து கதை இதுதான். நேற்று ராத்திரி அப்பாவின் சிநேகிதர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். சம்பந்தி பெருந்தன்மையாக, "இந்த மாசத்தோட வேனை நிறுத்தச் சொல்லிட்டேன், பொம்பளை டிரைவர்னா ஊர் சிரிக்குது" என்றாராம். மருமகளை ஒரு வார்த்தை கேட்காமலே. சிநேகிதர்கள் சிரித்தார்களாம். குழம்புக் கரண்டியோடு நின்றிருந்தவள், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வண்டியை நான் ஓட்டுறேன் மாமா. பிடிக்கலைன்னா நீங்க இறங்கிக்கோங்க" என்றாளாம். மாமனார் கையை ஓங்கினார். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் கையை உருவப் பார்த்தார், முடியவில்லை.

"அத்தை, அவ்வளவு பலம் ஒரு பொம்பளைக்கு எப்படி வரும்? அப்பா கையில விரல் பதிஞ்சு கிடக்கு. அதான் அப்பா சொன்னாரு, இது அவ இல்லன்னு."

தினமும் காலையும் மாலையும் பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய வேனைத் திருப்புகிற கை அது. பேயக்கா அதைச் சொல்லவில்லை. "அந்த ரெக்கார்டிங்?" என்று மட்டும் கேட்டாள்.

"அது... ஆதாரத்துக்கு எடுத்தேன். சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன், என்ன பண்ணலாம்னு கேக்க. எவனோ வெளிய விட்டுட்டான். இப்ப ஆள் வந்தாச்சு அத்தை, பெரிய ஆளாம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும். அப்புறமா வந்து பாருங்களேன்."

"தம்பி, இன்னும் வேகமாப் போ," என்றாள் காதிடம்.

வீட்டு வாசலில் மகளின் மஞ்சள் வேன் நின்றது. உள்ளே கூடத்தில் நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு எல்லாரும் பாத்ரூம் கதவைப் பார்த்து நின்றார்கள். சம்பந்தி, சம்பந்தியம்மா, மருமகன். நடுவில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் பேயோட்டுகிறவர். பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்துத் தரையில் வைத்திருந்தார், அதிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வந்தது. காலடியில் ஒரு பிரம்பு. அவர் கதவைப் பார்த்து, பெரிதாக மூச்சு வாங்கி, நிறுத்தி, ஆரம்பித்தார்.

"யார் நீ? எங்கேருந்து வந்த? இந்த உடம்பை விட்டுப் போக உனக்கு என்ன வேணும்?"

பேயக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது அவள் கத்திய ஒரு படத்து வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. அந்த மூச்சு, அந்த நிறுத்தம், தலையைச் சாய்ப்பது எல்லாம் அதே. படத்தில் அடுத்ததாக இவளுடைய சிரிப்பு வரும். மனுஷன் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஓய்ந்துபோன குரல் வந்தது. "என் வண்டிச் சாவி வேணும்."

பேயோட்டுகிறவர் மெதுவாகத் திரும்பினார். "பேய் வண்டி கேக்குது."

"பாத்தீங்களா!" என்றார் சம்பந்தி. "நான் சொன்னேன்ல!"

"அடுத்த வசனம் நான் சொல்லட்டுமா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் பேயக்கா. "'அடங்கமாட்டியா? அப்ப அடி வாங்கு.' அப்புறம் பிரம்பை எடுப்பீங்க. சரிதானே? எந்தத் தியேட்டர்ல பாத்தீங்க, பால்கனியா, கீழயா?"

அவர் முகம் வெளிறியது. "யாரும்மா நீங்க?"

"அம்மாவா?" உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

"அம்மாதான்டி. சம்பந்தி, கதவைத் திறங்க."

சம்பந்தி அசையவில்லை. பாத்ரூம் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார். "நீங்க தள்ளி நில்லுங்க. எல்லாத்துக்கும் காரணமே நீங்கதான். பேய் மாதிரிக் கத்திச் சம்பாதிச்சுப் பொண்ணை வளத்தீங்க. அது உங்க பின்னாலயே வந்து எங்க வீட்டுல உக்காந்துருச்சு."

"மாப்பிள்ளை?"

மருமகன் செல்போனைப் பார்த்தான். செல்போனில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அப்பா சொல்றதையும் நாம கொஞ்சம்..." என்று இழுத்தான்.

"சம்பந்தியம்மா, நீங்களாவது?"

அந்த அம்மா தரையைப் பார்த்தாள். "எனக்கும் வந்த புதுசுல ஒரு தடவை ஓட்டினாங்க," என்றாள். "அப்புறம் வரல."

இதைக் கேட்டதும் பேயக்கா கூடத்தை விட்டு வெளியே வந்தாள். காது அவள் பின்னாலேயே ஓடி வந்தான். பக்கத்து வீட்டுப் படியில் ஒரு பெண் துணி உதறிக்கொண்டிருந்தாள்.

"நேத்துலேருந்து இந்த வீட்டுல ஒரு பொண்ணு கத்தினது கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு." அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "அவங்க வீட்டு விஷயம். அதான் ஜன்னலைச் சாத்திட்டோம்."

பேயக்கா தெருவைப் பார்த்தாள். இந்த வீட்டுப் பக்கம் இருந்த ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது. எவ்வளவு கத்தினாலும் இதுதான். இவள் போய் நடுத்தெருவில் தொண்டை கிழியக் கத்தினாலும், மிச்சம் இருக்கிற ஜன்னலும் சாத்திக்கொள்ளும். அம்மாவுக்கும் பிடிச்சிருச்சு என்பார்கள்.

பேயக்கா குடையைக் காதிடம் கொடுத்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். வயிற்றில் காற்றை நிரப்பிக்கொண்டாள். பிறகு, இடியண்ணனே தோற்றுப்போகிற மாதிரி கனத்த ஆம்பளைக் குரலில், அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

"ஐயோ! காப்பாத்துங்க! என்னைப் பூட்டி வெச்சு அடிக்கிறாங்களே! யாராவது வாங்களேன்!"

ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. கதவுகள் திறந்தன. பாதி முகம் சவரம் செய்து, பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் ஓடி வந்தார். இன்னொருவர் கையில் சைக்கிள் பம்பு. ஒரு பெரியவர் பேப்பரை மடக்கக்கூட மறந்து கையில் விரித்தபடியே வந்தார். மூன்றாவது வீட்டு மாடியிலிருந்து, "பிடி அவனை!" என்று எவனோ யாரையென்றே தெரியாமல் கத்தினான்.

"யாரு? எங்க? எந்த வீடு?"

"இந்த வீடு," என்றாள் பேயக்கா. "பாத்ரூம்ல ஆளைப் பூட்டி வெச்சிருக்காங்க. வாங்க."

கூட்டம் திமுதிமுவென்று உள்ளே நுழைந்தது. பேயோட்டுகிறவர் ஸ்பீக்கரைப் பைக்குள் திணித்தார். சம்பந்தியின் முகத்தில் எட்டு ஊர் மானம் ஒன்றாகக் கப்பலேறியது.

"எங்க சார் அந்த ஆளு?" என்று கேட்டார் நுரைக்காரர். "திறங்க சார், கதவை. என்ன அநியாயம் இது? ஒரு மனுஷனைப் பூட்டி வெச்சு..."

சம்பந்தி சாவியை எடுத்துக் கொடுத்தார். சைக்கிள் பம்புக்காரர் திறந்தார்.

வெளியே வந்தது மகள். உடையெல்லாம் ஈரம், கண் வீங்கி, முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. சினிமா போஸ்டரில் இருக்கிற மாதிரியேதான் இருந்தாள். கூட்டம் ஓரடி பின்னால் போனது. ஈரத் தரையில் ஒரு ராத்திரி உட்கார வைத்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் இருப்பார்கள், பேப்பர் பெரியவர் உட்பட.

"ஆம்பளை ஒருத்தர் கத்தினாரே?" என்று நுரைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நான்தான் கத்தினேன்," என்றாள் பேயக்கா தன் சொந்தக் குரலில். "என் பொண்ணு நேத்துலேருந்து கத்தினா. கேட்டு ஜன்னலைச் சாத்தினீங்க. நான் ஆம்பளை மாதிரிக் கத்தினேன். பாதி சவரத்துல ஓடி வந்தீங்க. போய் மீதியை முடிச்சுக்குங்க சார், நுரை காயுது."

நுரைக்காரர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். துணி உதறிய பெண் மட்டும் வாசலில் நின்று, கையில் இருந்த துண்டை மகளிடம் நீட்டினாள். மகள் வாங்கிக்கொண்டாள்.

மருமகன் மெதுவாகக் கிட்டே வந்தான். "அத்தை, தலையை முடிஞ்சுக்கச் சொல்லுங்களேன். எல்லாரும் பாக்குறாங்க."

மகள் அவனைப் பார்த்தாள். முடியைத் தொடவில்லை. கையை மட்டும் நீட்டினாள். "வண்டிச் சாவி."

அவன் கொடுத்தான்.

வேனில் முன் சீட்டில் பேயக்கா ஏறினாள். காது ஸ்கூட்டரில் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டான். முதல் திருப்பம் தாண்டியதும் மகள் ஆரம்பித்தாள். அந்த வீட்டில் ஒருவரை விடவில்லை. மாமனாரை, புருஷனை, அந்த ஸ்பீக்கரை, சிரித்த சிநேகிதர்களை, அவர்கள் தின்ற சோற்றை. அதெல்லாம் முடிந்த பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு தடவை போன் பண்ணேன். கட் பண்ற. அப்புறம் போனைப் பிடுங்கிட்டாங்க. கடைசியா நான் பாத்தது என்ன தெரியுமா? ஒரு சிரிக்கிற மூஞ்சி!"

"தொண்டைக்கு ரெஸ்ட்டுன்னு..."

"யாருக்கு வேணும் உன் தொண்டை? அனுசரிச்சுப் போ, அனுசரிச்சுப் போன்னு எனக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டையையும் சேத்து நீயே வெச்சுக்கிட்டல்ல?"

மகள் இன்னும் கத்தினாள், தொண்டையிலிருந்து. வயிற்றிலிருந்து கத்துடி என்று பேயக்காவுக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னால் வேனிலிருந்து இறக்கி விட்டுவிடுவாள் என்று பேசாமல் இருந்தாள். திட்டட்டும். பிள்ளை முழுக்கத் திட்டி முடிக்கட்டும்.

பார்த்தால் வண்டி பேயக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை.

"எங்கடி போற?"

"இன்னைக்கு அரை நாள் ஸ்கூல், விடுற நேரம். காலைலதான் பிள்ளைங்க நின்னிருக்கும். இப்பவும் நிக்கணுமா?"

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் வேனைப் பார்த்ததும் ஓடி வந்து ஏறினார்கள். பை, தண்ணீர் பாட்டில், சண்டை, ஜன்னல் சீட்டுக்குப் போட்டி. பேயக்கா முன் சீட்டை ஒரு குட்டிப் பையனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள்.

"டிரைவரக்கா, ஏன் காலைல வரல?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள். முன்பல் ரெண்டும் விழுந்திருந்தது. "எங்கம்மா உங்களைத் திட்டினாங்க."

மகள் கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. "பூட்டி வெச்சிருந்தாங்க கண்ணு."

"ஏன்?"

"கத்தினேன்."

அவ்வளவு பெரிய குற்றமா என்று பிள்ளைகள் யோசித்தார்கள், கத்துவதுதான் அவர்களுக்கு முழுநேர வேலை.

"எங்கப்பா தினம் கத்துவாரு," என்றாள் பல் விழுந்தவள். "அவரை யாரும் பூட்டல. நானும் அம்மாவும்தான் ரூமுக்குள்ள போய்ப் பூட்டிக்குவோம்."

மகள் கியரைப் போட்டாள். பேயக்கா எழுந்து, ஆடுகிற வண்டியில் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய், அந்தக் குழந்தைக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீ எங்க இறங்கணும்?" என்று கேட்டாள். "நானும் உன்கூட இறங்குறேன். உங்கம்மாகிட்ட ஒரு விஷயம் பேசணும்."